மோவாய் வைக்கும் ஜன்னல்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தவர், கதவுக்குப் பக்கத்துச் சுவரைத்தான் பார்த்தார். நான் காபித் தட்டோடு வந்து நின்றேன். அவருடைய மாமா இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அப்போதும் அவர் கண் சுவரிலேயே இருந்தது. அந்த இடத்தில் பூச்சு உதிர்ந்து கிடந்ததால், அதைத்தான் குறையாக எடுத்துக்கொண்டார்கள் என்று என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் போன பிறகு, "மாப்ள பொண்ணப் பாக்க வந்தாரா, செவுத்தப் பாக்க வந்தாரா?" என்று கேட்டாள். சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதா என்று அவர் தேடியிருக்கிறார். எனக்கே அது கல்யாணமாகிச் சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் பெயர் வெற்றிச்செல்வன். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கிற வேலை. ஆள் தன் மாமாவைப் போலவே நெடுநெடுவென்று இருப்பார். கூட வேலை செய்கிறவர்கள் 'போஸ்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். விழுப்புரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறேன். மே மாதம் பிறந்துவிட்டால் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. பாதி ஊர்ப் பிள்ளைகளின் தோளும் இடுப்பும் எனக்கு மனப்பாடம்.

கெடார் போகிற ரோட்டில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறோம். அதில் முள்ளுச்செடிதான் வளர்ந்தது. வீடு கட்டலாம் என்று நான் பேச்செடுத்தால் "பாக்கலாம்" என்பார். பிளான் யாரிடம் போடலாம் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் மாதம் பிறந்தால் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீடு வரைந்துகொண்டிருப்பார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஒருநாள், "விழுப்புரத்துல பிளான் போட ஆளே இல்லாத மாதிரி இன்னாத்துக்கு இப்படி இழுத்துக்கினே போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கப்பா போடுவாரு" என்றார்.

தைத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு அப்பா இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் என் மாமியார் சௌந்தரத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. அத்தை நெற்றியில் குங்குமமும் இருந்தது. ஏதோ கேட்கக் கூடாத விஷயம் என்று நானே முடிவு செய்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முழுக்கதையும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், கதவுப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பெயர் தட்சிணாமூர்த்தி. திண்டிவனத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். சென்னையில் தங்கி ஆர்க்கிடெக்ட் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். ஊரில் எல்லாரும் அவரை இன்ஜினியர் சார் என்றார்கள். "நான் இன்ஜினியர் இல்லீங்க, ஆர்க்கிடெக்ட்" என்று அவர் விளக்குவார். "அதாங்க சார், இன்ஜினியர்" என்று அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் விளக்குவதை விட்டுவிட்டார்.

திண்டிவனத்தில் தனக்கென்று ஒரு வீடு கட்டினார். வாசல் சுவர் எழும்பும்போது மகனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தினார். சிமெண்ட் போடாமல் கல்லை மட்டும் வரிசையாக அடுக்கி, "மோவாக்கட்டை ஒக்காருதா பாரு" என்று கேட்டார். பையன் மோவாயைக் கல்மேல் வைத்து, "ஒக்காந்துச்சுப்பா" என்றானாம். அந்த மட்டத்திலிருந்து ஒரு சின்னச் சதுர ஜன்னல். வாசற்கதவு மூடியிருந்தாலும் பிள்ளை அங்கே நின்று, மோவாயை வைத்துக்கொண்டு, அப்பா வண்டியில் வருவதைப் பார்க்கலாம். சாயங்காலம் தெருமுனையில் ராஜ்தூத் பைக் சத்தம் கேட்டால் பையன் அந்த ஜன்னலில் இருப்பான். அவரும் வண்டியை நிறுத்தும் முன்பே அங்கேதான் பார்ப்பார்.

அதற்குப் பிறகு பிறத்தியாருக்குக் கட்டின வீட்டிலெல்லாம் அதே உயரத்தில் அதே ஜன்னலை வைத்தார். "இது எதுக்கு சார், நாயி எட்டிப் பாக்கவா?" என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்.

பையனுக்கு ஏழு வயது நடக்கும்போது, ஒரு பெரிய மனிதருக்கு அவர் கட்டிக்கொடுத்த கல்யாண மண்டபத்தின் முன்கூரை திறப்பு விழா அன்றைக்கே இடிந்து விழுந்தது. சீரியல் பல்பு கட்ட மேலே ஏறியிருந்த ஒருவர் செத்துப்போனார். பிளான் போட்டவன் தப்பு என்று மண்டபத்துக்காரர் சொன்னார். போலீஸ் தட்சிணாமூர்த்தியை அழைத்துக்கொண்டு போனது. அத்தையின் அண்ணன், பெயர் விருத்தாசலம், விழுப்புரத்திலிருந்து வேன் எடுத்துக்கொண்டு திண்டிவனம் வந்தார். அப்போது பையன் ஜன்னலில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். மாமா அவனை அங்கிருந்து தூக்கி வேனில் உட்கார வைத்தார். அப்பா வந்தால் யார் கதவைத் திறப்பார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தானாம்.

ஜாமீனில் வந்தவர் குடும்பத்தை விட்டுவிட்டு ஓடிப்போனார் என்று அவனிடம் சொல்லி வைத்தார்கள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை.

மாமா கெட்டவர் இல்லை. சோறு போட்டார், படிக்க வைத்தார், தன் பிள்ளைகளுக்கு எடுத்த அதே துணியில் இவருக்கும் சட்டை எடுத்தார். ஆனால் இவர் பிளஸ் டூ முடித்து ஆர்க்கிடெக்ட் படிக்க வேண்டும் என்றபோது, "இந்தக் குடும்பத்துல கட்டடம் கட்ட ஒருத்தர் வந்ததே போதும்" என்று சொல்லிவிட்டார். டிப்ளமோ எலக்ட்ரிகல் படித்தார். வேலையும் கிடைத்தது. அப்பாவோடு இருந்தது ஏழு வருஷம், அதிலும் நினைவு தெரிந்தது பாதிதான். ஆனால் ஒரு வீட்டுக்குள் போனால் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று நின்று பார்ப்பதும், தூணை விரலால் தட்டுவதும், வெயில் மதியத்துக்கு மேல் எங்கே விழும் என்று கேட்பதும் யாரிடமிருந்து வந்தது? மாமா வீட்டில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பெற்றவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் அவரைப் போலவே நடந்துகொண்டிருக்கிறார் மனிதர்.

"அவரக் கண்டுபுடிச்சா இன்னா கேப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னய நெனச்சாரான்னு கேக்கணும்."

"நெனைக்காம இருப்பாரா?"

"நீ சொல்ற. அவரு சொல்லணும்."

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. வேறு எந்த நியாயமும் அவர் கேட்கவில்லை. ஏன் விட்டுப் போனார் என்றுகூடக் கேட்க நினைக்கவில்லை.

கல்யாணமான மறு வருஷம் அவருக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. தானே கேட்டு வாங்கியிருப்பார் என்று எனக்கு இப்போதும் சந்தேகம். மீட்டர் எப்போதும் வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ரீடிங் எடுக்கப் போனால் வாசல் சுவரைப் பார்த்தாக வேண்டும். பழைய தெருக்களில் அப்பாவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. சிலர் அதில் செருப்பு வைத்திருந்தார்கள், சிலர் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் வந்து, "இன்னைக்கு ஒண்ணு பாத்தேன்" என்பார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும் முகம். அப்பா தனக்கென்று கட்டின வீட்டை மட்டும் எவரோ வாங்கி இடித்துவிட்டு மூன்று மாடி கட்டியிருந்தார்கள். அன்றைக்கு வந்ததும் படுத்துவிட்டார்.

அந்த ஜன்னல் இருந்த ஒரு வீட்டின் சொந்தக்காரர்தான் மண்ணாங்கட்டி மேஸ்திரி. வயதாகி வேலையை விட்டுவிட்டு வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருப்பவர். ரீடிங் எடுத்துக்கொண்டே, இவ்வளவு தாழ்வாக ஜன்னல் ஏன் என்று என் வீட்டுக்காரர் தெரியாதது போலக் கேட்டிருக்கிறார்.

"அது எங்க சாரு வச்சது. தட்சிணாமூர்த்தி சாருன்னு ஒருத்தரு இருந்தாரு."

"மண்டபம் இடிஞ்சுதே, அவரா?"

"அவரு எங்க இடிய வுட்டாரு. நாங்க இடிய வச்சோம்." மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தாராம். "மண்டபத்து வாசலுக்கு நேரா நடுவுல ஒரு தூணு. கூரை அதுமேலதான் நின்னுக்கினு இருந்துது. வாஸ்து பாக்குறவன் வந்து, வாசலுக்கு எதுர்ல தூண்குத்து இருக்குது, மொதக் கல்யாணமே உம் பொண்ணு கல்யாணம், அத்த எடுத்துடுன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டான். சாரு மெட்ராஸ் போயிருந்தாரு. வந்தா வுட மாட்டாரு, ஜல்தியா எடுங்கன்னாங்க. எடுத்துட்டேன். எடுத்த பொறவும் கூரை நின்னுது. நிக்குதேன்னு நாங்களும் வுட்டுட்டோம்."

"போலீஸ்ல சொல்லலியா நீங்க?"

"சொன்னா என்னியும்தானே புடிப்பான். ரொம்ப வருஷம் கழிச்சிக் கோர்ட்டுல சொன்னேன். அவரு மேல தப்பில்லன்னு வுட்டுட்டாங்க. அதுக்குள்ள வீடு போயி, குடும்பம் போயி, இன்னா இருந்துது அவருக்கு. வெளிய வந்து எங் கையப் புடிச்சிக்கினாரு. தப்பு உம்மேல இல்ல மேஸ்திரி, இந்த ஊர்லயே பொறந்துட்டு, வாசலுக்கு நேரா தூண வச்சா நம்ம ஜனங்க வுடாதுன்னு தெரியாம வரஞ்சேன் பாரு, அதான் தப்புன்னாரு. அன்னைக்குப் பாத்ததுதான்."

என் வீட்டுக்காரர் தான் யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கிழவர் காலில் விழுந்திருப்பார், எனக்கு எதுக்கு அது என்றார். எனக்கோ நேரே போய் மேஸ்திரியை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. செத்தவன் ஒருத்தன், சிறைக்குப் போனவன் ஒருத்தன், அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை ஒன்று. எல்லாம் ஒரு தூண் கண்ணுக்கு எதிரே நின்ற குற்றத்துக்காக.

அன்று வீட்டுக்கு வந்ததும் நேராக அத்தையிடம் போனார். அத்தை கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா ஓடிப்போகலதானே?"

அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை. "வந்தாரு" என்றார். "ஜாமீன் கெடைக்க மாசக்கணக்கா ஆயிடுச்சி. வெளிய வந்ததும் நேரா மாமா வூட்டுக்குத்தான் வந்தாரு. நீ இஸ்கூல் போயிருந்த. மாமா வாசல்லியே நிக்க வச்சிட்டாரு. செத்தவன் பொண்டாட்டி வயித்துல புள்ளையோட நிக்கிறா, நீ எந்த மூஞ்சிய வச்சிக்கினு குடும்பம் பண்ணுவ, உம் பேரு இந்தப் புள்ளைக்கு வேணாம், இந்தப் பக்கம் வராதன்னாரு. அவரு எதுத்து ஒரு வார்த்த பேசல. புள்ள இப்ப எவ்ளோ ஒசரம் இருக்கான்னு மட்டும் கேட்டாரு."

"மாமா இன்னா சொன்னாரு?"

"கதவச் சாத்திட்டாரு."

"நீ ஏம்மா வெளிய வரல?"

"வந்திருக்கணும்" என்றார் அத்தை. உரித்த வேர்க்கடலையெல்லாம் தோல் குவியலிலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் போய் முறத்தை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் தேடாத இடம் இல்லை. பெங்களூரில் இருக்கிறார் என்றார் ஒருவர். துபாய் போய்விட்டார் என்றார் இன்னொருவர். இல்லவே இல்லை என்று கைவிரித்தவரும் உண்டு. இரண்டு வருஷத்தில் இவரை மரக்காணத்துக்கு மாற்றினார்கள். அங்கே போன கொஞ்ச நாளில் ஒரு எரிச்சலோடு வந்தார்.

"கடலோரத்துல எவனோ அப்பா ஜன்னலப் பாத்துக் காப்பி அடிச்சி வச்சிருக்கான் சங்கவி. அதே சதுரம், அதே எடம். ஆனா ஒசரம் தெரியல அவனுக்கு. ஒரு வீட்ல இங்க இருக்குது, ஒரு வீட்ல அங்க இருக்குது. மோவாய வைக்கிறதுக்குன்னு தெரியாம கட்டிக்கினு போயிருக்கான்."

கூட வேலை செய்கிறவர் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டி வந்தது. மரக்காணத்தை அடுத்த மீனவர் குப்பம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, "இங்க பாரு, இதான் அந்தக் கூத்து" என்று ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தினார். வலை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். கடலுக்குப் போன ஆள் திரும்பி வருவது அந்த ஜன்னலில் தெரியும் என்றார். நான் சும்மா இருக்காமல் ஜன்னல் பக்கத்தில் போய் நின்றேன். அதன் அடி என் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அடுத்த தெருவில் இன்னொன்று, அது என் தோளுக்கு வந்தது. கடைக்கோடியில் பழைய வீடு ஒன்று. அங்கே என் இடுப்புக்கு மேலே சற்றுத்தான் இருந்தது.

நம்மூரில் வீடு கட்டினால் நெற்றியில் பெயரும் வருஷமும் எழுதாமல் விட மாட்டார்களே. நான் அந்த மூன்று வீட்டின் நெற்றியையும் திரும்பப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே இருந்தது 1999. நெஞ்சுக்குக் கீழே இருந்தது 2001. தோளில் இருந்தது 2004.

கோட்டக்குப்பத்திலிருந்து எனக்குச் சில வாடிக்கைகள் உண்டு. வீட்டு ஆம்பளை துபாயில் இருப்பார். பெருநாளுக்குப் பிள்ளைக்குத் துணி தைக்கச் சொல்லி அங்கிருந்து ஃபோன் பண்ணுவார். "போன தடவ பாத்தப்ப என் வயித்துக்கு இருந்தான், இப்ப நெஞ்சுக்கு வந்திருப்பான், அந்த அளவுக்குத் தைங்க" என்பார். பிள்ளையைப் பார்க்காத அப்பன்கள் எல்லாரும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். தன் உடம்பில் கை வைத்து, இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தாங்களே நினைத்துக்கொள்வார்கள். தெருவில் நின்றபடி எனக்கு அது சட்டென்று பிடிபட்டது.

"ஏங்க, இது காப்பி இல்ல" என்றேன்.

"அப்ப?"

"உங்கப்பா கட்னது. இது நீங்க. ஒம்போது வயசுல நீங்க, பதினொண்ணுல நீங்க, பதினாலுல நீங்க. வருசா வருசம் நீங்க எவ்ளோ வளந்திருப்பீங்கன்னு நெனச்சி நெனச்சி ஏத்திக்கினே வந்திருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் அந்த முன்பின் தெரியாத வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். ஆம்பளை அழுதால் எனக்குப் பார்க்கத் தெரியாது. வீட்டுக்கார அம்மா பயந்துபோய் இன்னொரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், என்னைச் சமாதானப்படுத்த ஆள் இல்லாததால் நானே நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான் வேலை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிப் பக்கமாக ஊர் ஊராகப் போனோம். பையன்கள் மீசை அரும்புகிற வயதில் ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்வார்கள், ஜூனில் தைத்த பேண்ட் ஜனவரியில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். ஜன்னலும் அந்த வருஷம் அப்படியே ஏறியிருந்தது. எந்த வீட்டிலும் வாசலுக்கு நேராகத் தூண் இல்லை, இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி நின்றன. 2008-க்கு மேல் ஜன்னல் உயரவில்லை. எல்லாம் ஒரே மட்டம். என் வீட்டுக்காரர் அதில் மோவாயை வைக்கப் போனால் குனிய வேண்டியிருந்தது.

"உங்களக் குள்ளமா நெனச்சிக்கினு இருக்காரு" என்று கிண்டல் பண்ணினேன்.

"அவரு ஒசரம் அது" என்றார். "தன்ன மாதிரியே இருப்பேன்னு நெனச்சிருக்காரு. நான் மாமா வீட்டு ஒசரம் வளந்துட்டேன்." அதைச் சொல்லும்போது ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர் மாதிரி இருந்தது அவர் குரல்.

அந்த வீடுகளில் அவரை மூர்த்தி சார் என்றார்கள். ஊர், குடும்பம் எதுவும் சொல்ல மாட்டாராம். வேலை நடக்கிற இடத்திலேயே கொட்டகையில் தங்கிக்கொள்வாராம். கடைசியில் ஒரு வீட்டில், "இரும்பை கிராமத்துல டீச்சரம்மா வீடு அவருதான் கட்றாரு, வர்ற வெள்ளிக்கிழம பால் காய்ச்சுறாங்க" என்று சொன்னார்கள்.

அழைக்காத வீட்டுக்கு மொய்க்கவரோடு போனோம். புதுமனை புகுவிழாவில் வீடு கட்டினவரைக் கூப்பிட்டு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது வழக்கம். அந்தத் தட்டு எப்போது எடுக்கப்படும் என்று இவர் கண் அதன்மேலேயே இருந்தது. கொத்தனார் வாங்கினார், ஆசாரி வாங்கினார், பெயிண்டர்கூட வாங்கினார். ஒரு தட்டு மட்டும் எடுக்காமல் அப்படியே இருந்தது. பந்தி முடிந்ததும் நானே போய் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். கலைமதி என்று பெயர், பள்ளிக்கூட ஆசிரியை.

"அது மூர்த்தி சாருக்கு. அவரு எந்த வீட்டு பூஜைக்கும் வர மாட்டாராம்மா. ஒரு தடவ தொறப்பு விழா அன்னைக்கு ஒரு உசுரு போயிடுச்சு, அதுலேந்து வேட்டி வாங்குறதில்லன்னு சொல்லுவாரு." பிறகு அவரே கதவுப் பக்கம் காட்டினார். "அந்த ஜன்னல் வேணாம்னு நான் எவ்ளோ சண்ட போட்டேன் தெரியுமா. எம் பையன் மோவாய் வச்சிப் பாக்குற ஒசரம், இது இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோன்னுட்டாரு. பையன் எங்க சார்னு கேட்டேன். விழுப்புரத்துல இருக்கான், வராதன்னு சொன்ன வாசலுக்கு எப்படிம்மா போறதுன்னாரு."

விழுப்புரம் என்ன அமெரிக்காவா? பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். யாரோ ஒருத்தர் கோபத்தில் சொன்னதற்காக ஒரு மனிதர் ஆயுசு முழுக்க ஜன்னல் வைத்துக்கொண்டிருப்பாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் வாயை விட்டுவிட்டேன்.

"இவருதான் அந்தப் பையன்" என்றேன்.

கலைமதி டீச்சர் இவரை ஏற இறங்கப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "குனியணும் போலிருக்கே" என்றார். பிறகு போய் அந்த வேட்டித் தட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "கோட்டக்குப்பத்துல பள்ளிவாசலுக்குப் பின்னாடி புது வேலை ஒண்ணு ஓடுது. அங்க இருப்பாரு. நீங்க குடுத்தா வாங்கிக்குவாரு" என்றார்.

நாங்கள் போனபோது மதியம் சாய்ந்துவிட்டது. துபாயில் இருப்பவர் ஒருவருடைய வீடு. வாசல் நிலை வைத்து, இரண்டு பக்கமும் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார் நிலைக்குப் பக்கத்தில் நூல் கட்டிச் சின்ன ஜன்னலின் அடிக்கட்டுக்குக் கல் வைத்திருந்தார். ஒரு வயதான மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூல் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கல்லின் மேல்மட்டம் அவர் மோவாய்க்குச் சரியாக இருந்தது.

நான் தட்டோடு மணல் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். இவர் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அத்தனை வருஷமாக வைத்திருந்த கேள்வி. அதற்கு இனி அவசியம் இல்லை போலும். நேராகப் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். கல்மேல் மோவாயை வைத்துப் பார்த்தார். முதுகு வளைந்தது.

"இன்னும் ஒரு வரிசை ஏத்தணும்" என்றார்.

பெரியவர் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "மட்டம் சரியாத்தான் இருக்குது, தம்பி" என்றார்.

"பத்தல. நான் மாமா வீட்டு ஒசரம் வளந்துட்டேம்பா."

பெரியவர் நிமிர்ந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அவர் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. வெகுநேரம் பார்த்தார். கொத்தனார் கரணையை வைத்துவிட்டு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார்.

பெரியவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிமெண்ட் போடவில்லை. வெறும் கல்லாகச் சுவரின் மேல் வைத்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தார்.

"மோவாக்கட்டை ஒக்காருதா பாரு" என்றார்.

என் வீட்டுக்காரர் இந்த முறை குனியவில்லை. நின்ற மேனிக்கு மோவாயைக் கல்மேல் வைத்தார்.

"ஒக்காந்துச்சுப்பா" என்றார்.